அளந்து போட்ட சோறு

ஊதல் சத்தம் கேட்டதும் தருண் எழுந்து ஷூவைத் தேடினான். மிதுனா கட்டிலிலேயே கிடந்தாள். அவள் எழுந்திருக்கலாம், தப்பில்லை. ஆனால் சட்டென்று எழுந்தால் கையில் நாடியை அளக்கும் துடிப்புக்காப்பு மஞ்சளாகிவிடும். முதலில் முழங்கையை ஊன்றி, பிறகு காலைத் தொங்கப்போட்டு, ஒரு மூச்சு வாங்கிவிட்டுத்தான் எழ வேண்டும். அறிவணியில் சேர்கிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அவள் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது.

“போயிட்டு வர்றேன் அம்மிணி,” என்றான் தருண்.

“பாத்துப் போங்க மாமா. ஏதாச்சும் சாப்பிட்டுட்டுப் போங்க.”

முதலில் சொன்னது அவன் காதில் விழுந்தது. அடுத்தது விழவில்லை. அவள் உதடு அசைவதைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தான். பதிலுக்கு அவனும் ஏதோ சொன்னான். ‘இன்னைக்கு’ என்பதும் ‘வந்துர்றேன்’ என்பதும் அவளுக்குக் கேட்டன. நடுவில் இருந்தது வெறும் வாயசைப்பு. கதவு சாத்தும் சத்தம் மட்டும் முழுசாகக் கேட்டது.

இரண்டு பேர் காதிலும் செவித்திரை இருந்தது. பயறு அளவில் ஒரு சின்னக் கருவி. அறிவணிக்காரர் சாப்பாட்டைப் பற்றி எது பேசினாலும் அசைவணிக்காரர் காதில் அது விழாது. அசைவணிக்காரர் ஓட்டம், நடை, பயிற்சி என்று எது பேசினாலும் அறிவணிக்காரர் காதில் விழாது. மற்றதெல்லாம் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம், குடும்பத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று இந்த ஆய்வை நடத்தும் சுகாதாரத் துறை சொன்னது. கோயமுத்தூரில் ஒரு வீட்டுக்காரி, வந்த மனுஷரைப் பார்த்து ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்காமல் வேறு எதைப் பேச ஆரம்பிப்பாள் என்று துறையில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் ஒரு நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தது. மாநிலத்தில் பாதிப் பேர் தங்கள் உடம்பைத் தாங்களே தூக்கி நடக்க முடியாமல் போயிருந்த காலம் அது. ஆஸ்பத்திரிக் கட்டில்களை அகலப்படுத்தினார்கள், பஸ் சீட்டுகளை அகலப்படுத்தினார்கள், கடைசியில் வழியில்லாமல் ஒரு கேள்விக்கு உறுதியான விடை கண்டுபிடிப்பது என்று தீர்மானித்தார்கள். பருமனைக் குறைப்பது எது? சாப்பாட்டைப் பற்றிய அறிவா, உடம்பின் அசைவா? அதற்கு முன் நடந்த ஆய்வுகளில் ஓடச் சொன்னவர்கள் ஓடிவிட்டு வந்து எதைச் சாப்பிடலாம் என்று படித்தார்கள். படிக்கச் சொன்னவர்கள் படித்த உற்சாகத்தில் நடக்கக் கிளம்பினார்கள். யார் எதனால் இளைத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த முறை கலப்பே இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

யார் எந்த அணி என்பதை எந்திரம் சீட்டுப் போட்டுச் சொன்னது. மிதுனாவுக்கு அறிவணி வந்தது, தருணுக்கு அசைவணி. ஒரே வீட்டில் இரண்டு அணியும் விழுந்தால் அதை ‘இணைவீடு’ என்றார்கள். ஒரே கூரை, ஒரே தண்ணீர், ஒரே வருமானம், ஒப்பிடுவதற்கு இதைவிட வசதி வேறு கிடையாதாம். அன்றைக்கு இவர்களுக்கு லட்டு கொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். அந்த லட்டில் எத்தனை கலோரி என்று மிதுனாவுக்கு இப்போது தெரியும்.

அவளுக்கு எல்லாம் தெரியும். எந்தப் பருப்பில் எவ்வளவு புரதம், எந்த அரிசி ரத்தத்தில் எவ்வளவு வேகமாகச் சர்க்கரையாகிறது, எண்ணெயை எத்தனை முறை காய்ச்சினால் என்ன ஆகிறது, எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தெரிந்து என்ன செய்ய? பம்புசெட் கம்பெனிக் கணக்கை வீட்டில் உட்கார்ந்தே பார்த்தாள். உருள்நாற்காலியில் உட்கார்ந்தே லிஃப்டுக்குப் போனாள். முதல் இரண்டு வருடம் கொஞ்சம் இளைத்தாள். அதன் பிறகு எடை அசையவே இல்லை. தொடைச் சதை மட்டும் ஊறவைத்த துணி மாதிரி தொளதொளத்துப் போயிற்று.

தருணின் கதை வேறு. வெயிலோ மழையோ, அபார்ட்மெண்டைச் சுற்றிப் போட்டிருந்த ஓடுதளத்தில் அவன் ஓடினான். ஓடி முடித்துப் பசியோடு வந்து பரோட்டாக் கடையில் உட்கார்ந்தான். ஓடியாச்சு, இனி என்ன தின்றாலும் கரைந்துவிடும் என்று அசைவணியில் எல்லோரும் நம்பினார்கள். அப்படி இல்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. கெட்டியான கால்கள், அதற்கு மேல் பெரிய தொந்தி என்று அவன் வருடா வருடம் அப்படியே இருந்தான்.

சமையலறையின் நடுவே ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. இந்தப் பக்கம் அவள் அடுப்பு, அந்தப் பக்கம் அவன் அடுப்பு. அவனுக்கு அவள் சமைக்கக் கூடாது, பரிமாறவும் கூடாது. தெரிந்த கை அளந்துதான் போடும், அந்த அளவு வழியாக அறிவு அவன் வயிற்றுக்குள் போய்விடும் என்பது துறையின் வாதம். சைகைகூடக் கலப்புதான். இது ஒன்றும் முட்டாள்தனமான வாதமில்லை என்பதுதான் மிதுனாவுக்கு எரிச்சலாக இருந்தது.

எரிச்சலையாவது காட்டலாம். பயத்தைக் காட்ட முடியாது. பயத்தில் துடிக்கும் நெஞ்சுக்கும் ஓட்டத்தில் துடிக்கும் நெஞ்சுக்கும் காப்புக்கு வித்தியாசம் தெரியாது. துடிப்பு எல்லையைத் தாண்டினால் அசைவுக் குற்றம் என்றே பதிவாகும். அதனால் அறிவணிக்காரர்கள் பயம் வந்தால் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, மூச்சை இழுத்து விட்டு, காப்பு பச்சையாகும் வரை காத்திருப்பார்கள். அது ‘அமைதிப் பாடம்’. மிதுனா அதில் கெட்டிக்காரி. இப்போதெல்லாம் நாளுக்குப் பல தடவை அதைச் செய்துகொண்டிருந்தாள்.

காரணம், எடைநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அசைவணியில் எடை குறையாதவர்களை இந்த வருடத்திலிருந்து தீவிர முகாமுக்கு அனுப்புகிறார்கள். முகாம் மலையடிவாரத்தில் இருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று போய் வந்தவர்கள் சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. ஆனால் பி பிளாக்கில் எடைநாள் முன்பே முடிந்துவிட்டது; அங்கிருந்து போன விஷ்வந்த் திரும்பி வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். நன்றாகத்தான் இளைத்திருந்தார். லிஃப்ட் பக்கத்தில் “சௌக்கியமுங்களா?” என்று கேட்டபோது பதில் சொல்ல நின்றார், ஆனால் கால் நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, வேர்த்து வழிய, “சௌக்கியமுங்க, சௌக்கியமுங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அவளும் கூடவே மிதித்துத்தான் நடக்க வேண்டியிருந்தது.

தருணுக்கு முகாம் நிச்சயம் என்று மிதுனாவுக்குப் பட்டது. அவன் தட்டில் விழுவதை அவள் தினமும் பார்க்கிறாளே. இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினால் சரியாகிவிடும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு காலையில் அவன் கிளம்பியதும் அவள் தன் அடுப்பில் ஒரு பிடி அரிசி வைத்தாள். கொள்ளுப் பருப்பு வேகவைத்துக் கடைந்தாள். கீரையை நிறையப் போட்டாள். எல்லாவற்றையும் அவனுடைய தட்டில், பார்வைக்கு நிறைந்திருப்பதுபோலப் பரப்பி, மஞ்சள் கோட்டைத் தாண்டி அவன் பக்கத்து மேடையில் வைத்தாள். திரும்பி வரும்போது காப்பு மஞ்சளாகியிருந்தது. உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டாள்.

தருண் வந்தான், தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டான். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பெண்டாட்டி கையால் சாப்பிடுகிறவன் என்ன பேசுவான்? எழுந்து போகும்போது அவள் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து வேளாவேளைக்கு வைத்தாள். அளவில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பாடத்தில் படித்ததுதான். இந்த வயது, இந்த உயரம், இவ்வளவு இளைக்க வேண்டுமானால் இவ்வளவு சாப்பாடு. அந்தக் கணக்கு முழுக்க உட்கார்ந்திருக்கிற மனிதர்களுக்குப் போட்டது என்பதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஓடுகிற உடம்பு எவ்வளவு எரிக்கும் என்ற பகுதியை அறிவணிப் பாடத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். அப்படி ஒரு பகுதி இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. அவள் படித்த பாடங்களில் எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

தருண் இளைத்தான். சட்டை தொங்கியது. கழுத்தெலும்பு தெரிந்தது. மிதுனா உள்ளுக்குள் குதித்தாள், நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தபடி. அவன் இளைக்க இளைக்க, ஓட்டம்தான் பலன் தருகிறது என்று எடுத்துக்கொண்டு அவன் கைக்காப்பு அவனுடைய ஓட்டத்தை நீட்டிக்கொண்டே போனது என்பதும் அவளுக்குத் தெரியாது. அவன் அதைச் சொல்லத்தான் சொன்னான். சொல்லும்போதெல்லாம் அவளுக்கு ‘இப்பல்லாம்’ என்பதும் ‘பரவால்ல’ என்பதும்தான் கேட்டன.

“மாமா, கண்ணெல்லாம் உள்ள போயிருக்குதுங்க. தூக்கம் வருதுங்களா?”

“தூங்கறேன். லிஃப்டுல ஒருவாட்டி கண்ணு இருட்டிருச்சு. வயசாகுதில்ல.”

வயசாகிறதுதான் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அவனுக்குச் சாப்பாட்டைப் பற்றித் தெரியாது, அவளுக்கு ஓட்டத்தைப் பற்றித் தெரியாது. தலைசுற்றலுக்குக் காரணம் அந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தது. அங்கே போய்ப் பார்க்க அந்த வீட்டில் யாரும் இல்லை.

எடைநாளுக்குக் கொஞ்ச நாள் முன்பு, பால்கனியில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது கீழே ஓடுதளத்தில் தருண் விழுவதை அவள் பார்த்தாள். தடுக்கி விழவில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் மெதுவானான், பக்கவாட்டில் இரண்டு அடி வைத்தான், முழங்கால் மடிந்து உட்கார்ந்தான், பிறகு சாய்ந்துவிட்டான்.

கண்ணை மூடினாள். நெஞ்சில் கை வைத்தாள். மூச்சை இழுத்தாள், விட்டாள். மறுபடி இழுத்தாள், விட்டாள். காப்பு பச்சையானதும் கண்ணைத் திறந்தாள். கீழே புருஷன் அசையாமல் கிடந்தான். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எழுந்தாள். முழங்கையை ஊன்றவில்லை, மூச்சு வாங்கவில்லை. நாற்காலி உருண்டு சுவரில் மோதியது. லிஃப்டில் இறங்கும்போதே காப்பு சிவப்பாகிக் கத்த ஆரம்பித்தது. வெளியே வந்து ஓடினாள். ஓடினாள் என்று சொல்வது பெருமைக்குத்தான். கால் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. பத்தடியில் நெஞ்சு அடைத்தது, இரண்டு தடவை விழுந்தாள், கையை ஊன்றி எழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஓட்டக்காரர்கள் நாலைந்து பேர் தருணை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தி, இழுத்துக்கொண்டு நடந்தார்கள். அவன் தலை தொங்கியது. கால் பின்னால் தேய்ந்துகொண்டு வந்தது. அவர்கள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒரு சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை. விழுந்தவனைக் கிடக்க விடக் கூடாது, நடக்கவைத்தால் தெளிந்துவிடுவான் என்பது அவர்கள் கற்றது. நல்ல மனிதர்கள்தான், அவனைக் காப்பாற்றத்தான் அவனை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“விடுங்க அவரை. கீழ உக்கார வைங்க.”

அது அவர்களுக்குக் கேட்டது. நின்றார்கள். “பயப்படாதீங்கக்கா,” என்றாள் ஒரு பெண். அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் மௌனமாகிவிட்டது.

மிதுனா அவன் முகத்தைத் தொட்டாள். சில்லென்று வேர்த்திருந்தது. அவன் கை நடுங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளை அடையாளம் தெரியவில்லை. இது என்னவென்று அவளுக்குத் தெரியும். இதைப் பாடத்தில் எத்தனை தடவை படித்திருக்கிறாள்.

“சக்கரை வேணுங்க. யாராச்சும் கொஞ்சம் சக்கரை கொண்டாங்க. இவருக்கு ரத்தத்துல சக்கரை எறங்கிருச்சு.”

அவர்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மறுபடி சொன்னாள். கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவர் காதிலும் விழவில்லை. விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். அதைப் பார்த்ததும் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டார். சைகையைப் பார்த்தால் அவர்கள் வீடும் கலந்த வீடாகிவிடும். ஒவ்வொருவராகத் திரும்பி நின்றார்கள். நடுவில் மிதுனாவும் தருணும் மட்டும் தரையில் இருந்தார்கள்.

வாழ்க்கையில் அவ்வளவு பயத்தை அவள் அனுபவித்ததில்லை. சுற்றி இத்தனை பேர் இருந்தும் யாருமே இல்லை. வாசலோரம் டீக்கடை இருந்தது. அவள் எழுந்து அதுவரை எப்படிப் போனாளோ தெரியாது. கடைக்காரரும் அசைவணிதான்; அவரிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லியும் பயனில்லை. சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஈர விரலில் சர்க்கரையைத் தொட்டு அவன் ஈறில் தேய்த்தாள், கன்னத்துக்குள் அடக்கினாள், மறுபடி தேய்த்தாள். காப்பு கத்திக்கொண்டே இருந்தது.

வெகு நேரம் கழித்து அவன் நாக்கு அசைந்தது. கண் அவள் முகத்தில் வந்து நின்றது.

“சாப்பிட்டயா அம்மிணி?” என்றான்.

அவன் கேட்டது அவளுக்கு முழுசாகக் கேட்டது. பதில் சொன்னாலும் அவனுக்குக் கேட்காது. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காதில் செவித்திரை கிடையாது. டாக்டர்களும் துறைக்காரர்களும் ஆய்வுக்கு வெளியே இருப்பவர்கள். அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கதவோரம் ஒரு நாற்காலியில் துறையின் பார்வையாளர் உட்கார்ந்திருந்தாள். தாரிகா என்று பெயர் சொன்னாள். முப்பது வயதிருக்கும். மரியாதையான பெண்.

“சக்கரை குடுத்தது நல்லதாப் போச்சுங்க,” என்றார் டாக்டர். “ஆனா இது சக்கரை மட்டும் இல்லீங்க. ரத்தத்துல உப்புச்சத்து எல்லாம் தாறுமாறா இருக்குது. இதயம் சீரா துடிக்க மாட்டேங்குது. பல வாரமாப் பட்டினி கெடந்த ஒடம்பு மாதிரி இருக்குது. அப்படித்தான்னா சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தோணும். தெரியாம மொத்தமா ஏத்தினா இதயம் நின்னு போயிரும். இவரு என்ன சாப்பிட்டாருங்க?”

மிதுனா தாரிகாவைப் பார்த்தாள். கலந்த வீடு என்று தெரிந்தால் இருவரையும் தனித்தனி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கடிதம், போன் எதுவும் கிடையாது. தாரிகா அவளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தாள்.

“தெரியலைன்னு சொன்னா என்னங்க ஆகும்?” என்று டாக்டரிடம் கேட்டாள் மிதுனா.

“நானும் தெரியாமத்தாங்க வைத்தியம் பாக்கோணும்.”

அவள் சொன்னாள். எந்த நாளிலிருந்து, ஒரு வேளைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு கொள்ளு, எண்ணெய் எத்தனை சொட்டு என்று ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் மாறியது. “இதைத் தின்னுட்டு இவரு தினமும் எவ்ளோ தூரம் ஓடினாருன்னு தெரியுங்களா?” என்றார். டாக்டரின் குரலுக்குத் தடை இல்லை. அந்தத் தூரத்தை அவர் சொன்னபோது, அந்த எண் அவளுக்குக் கேட்டது.

பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்து ஏற்றியதில் தருண் பிழைத்துக்கொண்டான். பிழைத்துவிட்டான், இனி எதையும் சாப்பிடலாம் என்று டாக்டர் உறுதியாகச் சொன்ன மாலையில் தாரிகா அவளை நடைவழிப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

“பயப்படாதீங்கக்கா. உங்களைத் திட்ட வரலைங்க.” கையில் இருந்த ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாள். அதில் ஒரு கோடு சரிந்து இறங்கியது. “மாமாவோட எடைங்க இது. மாநிலத்துலயே இவ்ளோ வேகமா யாருக்கும் இறங்குனதில்லைங்க.”

“அவரு சாகக் கெடந்தாருங்க.”

“அது அளவு தப்புனதாலங்க. ரெண்டும் சேந்தாத்தான் வேலை செய்யும்னு எங்களுக்கும் ஒரு சந்தேகம் இருந்துதுங்க. ஆனா சந்தேகத்தை வெச்சு என்ன பண்றதுங்க? நிரூபிக்கோணுமில்லீங்களா?”

“அதான் எங்க வீட்டுல நிரூபிச்சாச்சுங்களே. எல்லாருக்கும் ரெண்டையும் சொல்லிக்குடுங்க. முடிஞ்சுதுங்களே.”

“ஒரு வீடுங்கக்கா அது. அதுவும் கலந்து போன வீடு. அதை வெச்சு முடிவு சொன்னா நாளைக்கு யாரும் ஏத்துக்க மாட்டாங்க.” தாரிகாவின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “அதனால மூணாவதா ஒரு அணி ஆரம்பிக்கறோமுங்க. அறிவும் அசைவும் ரெண்டும் குடுக்கற அணி. முறையா, டாக்டர் மேற்பார்வையில. உங்க வீட்டுலருந்தே ஆரம்பிக்கலாம்னு மேல சொல்லிட்டாங்க. உங்களைப் பிரிக்கப் போறதில்லீங்க.”

மிதுனாவுக்கு அழுகை வந்தது. தாரிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏதோ மிச்சமிருக்கிறது என்று பட்டது. தாரிகா கையை விடுவித்துக்கொள்ளாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டுலருந்துன்னா, ரெண்டு பேரும்தானுங்களே?”

“ஒருத்தருங்கக்கா. ரெண்டும் குடுக்கற ஆளை, ரெண்டும் குடுக்காத ஆளோடதான ஒப்பிடோணும்? அதுக்கு நாலாவதா ஒரு அணி வேணுமுங்களே. ஒரே வீட்டுல இருந்தா ஒப்பிடறதுக்கு நல்லதுங்க.”

“அந்த ஆளுக்கு என்ன குடுப்பீங்க?”

“எதுவும் இல்லீங்க. பாடம் கெடையாது, ஓட்டம் கெடையாது. கேட்டதைச் சாப்பிடலாம். ஒரு கஷ்டமும் இருக்காதுங்க.”

சீட்டு மதியமே போட்டாயிற்று. தாரிகா ஸ்கிரீனை மறுபடி திருப்பினாள். மிதுனா மூன்றாவது அணி. தருண் நான்காவது.

“மாத்துங்க,” என்றாள் மிதுனா. “என்னை நாலாவதுல போடுங்க. அவரை விட்டுருங்க. நான்தானுங்களே தப்புப் பண்ணுனது.”

“மாத்துனா அப்புறம் அது சீட்டே இல்லீங்களே அக்கா.”

“எத்தனை வருசத்துக்குங்க?”

“முடிவு தெரியற வரைக்குமுங்க,” என்றாள் தாரிகா.

மறுநாள் மிதுனாவின் செவித்திரையைக் கழற்றினார்கள். உலகம் திடீரென்று இரைச்சலாகிவிட்டது. நர்ஸ்கள் கால்வலியைப் பற்றிப் பேசுவது, யாரோ மாடிப்படி ஏறுவதைப் பற்றிச் சொல்வது, எல்லாம் கேட்டது. அவளுடைய காப்புக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டார்கள். தருணின் செவித்திரையையும் மாற்றினார்கள். இனி சாப்பாட்டைப் பற்றியும் ஓட்டத்தைப் பற்றியும் அவள் சொல்வது எதுவும் அவனுக்குக் கேட்காது.

அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குறைவாகச் சாப்பிடுங்கள், ஆனால் நான் போட்ட மாதிரி இல்லை; யாரும் பார்க்காதபோது அறைக்குள்ளேயாவது நடங்கள்; அவர்கள் கொடுப்பதையெல்லாம் தின்றுவிடாதீர்கள்; மாமா, நான்தான் உங்களை இப்படி ஆக்கினேன். கடைசியாகச் சொன்னது மட்டும் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“நீ என்ன ஆக்குன? நல்லாத்தான இருக்கறேன்.” அவள் தலையைத் தடவினான். “நீ வெச்சது போதலைதான் அம்மிணி. பசிக்கும். கடைக்குப் போலாம்னு தோணும். போக மாட்டேன். அங்க தின்னுட்டு வந்தா நீ வெக்கறதுக்கு வயித்துல எடம் இருக்காதேன்னு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“நீ பேசறதுல பாதி வர மாட்டேங்குது. பரவால்ல போ. உன்ற மொகத்தைப் பாத்துட்டு இருந்தாலே போதும். கொஞ்ச நேரம் இப்படியே உக்காரு.”

அவள் உட்காரத்தான் நினைத்தாள். புதுக் காப்பு மணிக்கட்டில் அதிர்ந்தது. நடக்க வேண்டிய நேரம். முதலில் மெதுவாக அதிர்ந்தது, பிறகு விடாமல் அதிர்ந்தது. கதவருகே தாரிகா வந்து நின்று சிரித்தாள். நடக்காவிட்டால் இந்த வீடு எதற்கும் பயன்படாத வீடாகிவிடும், அப்போது பிரித்துவிடுவார்கள். மிதுனா எழுந்தாள்.

நடைவழியில் அவள் நடக்க ஆரம்பித்தபோது துறையின் பரிமாறும் பெண் தள்ளுவண்டியோடு தருணின் அறைக்குள் போனாள். “என்ன வேணுங்க? எது வேணும்னாலும் கேளுங்க,” என்று சொல்வது கேட்டது. தருண் கேட்டான். பரோட்டா கேட்டான், நெய் ரோஸ்ட் கேட்டான், மைசூர்பாகு இருக்கிறதா என்று கேட்டான். எல்லாமே இருந்தது. இத்தனை வாரம் பசித்திருந்த மனிதனின் குரல், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று மிதுனாவின் மனசு தானாகவே கூட்டிக்கொண்டே வந்தது. அதைக் கரைக்க எவ்வளவு நடக்க வேண்டும் என்பதையும் அன்று காலைதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. காப்பு அதைப் பயம் என்று நினைக்கவில்லை, நல்ல வேகம் என்று பச்சையாகப் பாராட்டியது.

“அம்மிணி,” என்று அறைக்குள்ளிருந்து தருண் குரல் கொடுத்தான். “சீக்கிரம் வா. உனக்குன்னு ரெண்டு எடுத்து வெச்சிருக்கறேன்.”

அவள் அழுதுகொண்டே நடந்தாள்.